பொதுக் களஞ்சியத்தைக் காத்தல்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழாக் காணும் இக்கல்விக் கழகத்தின் மேடையில் கணிப்பொறித் துறையைப் பற்றி உரையாற்ற வேண்டும் என விழாக் குழுவினர் பணித்தபோது, எதனைப் பேசுவது என நாம் நெடிது எண்ணினோம். கணிப்பொறி கற்றால் வேலை கிடைக்கும் என்பதை எடுத்துரைக்க இன்று மேடை வேண்டுவதில்லை. அதனை நம் பிள்ளைகள் நம்மினும் நன்கு அறிவர். ஆனால், உரிமையாளர் என ஒருவரும் இல்லாமல், பல நாட்டு மக்கள் கூடி ஒரு பெரும் பொதுச் சொத்தைப் படைத்து, அதனை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டிக் காத்து, காலந்தவறாது உலகுக்கு வழங்கி வருகின்றார்களே, அதன் உள்முறை யாது என்பதை இளைஞர்கள் முன் வைப்பது பயனுடையது எனக் கருதினோம். கழகம் நடத்துவோர்க்கும் அதில் பாடம் உண்டு.

அப்பொதுச் சொத்தின் பெயர் டெபியன்.

தோற்றம்

லினக்ஸ் என்பது கணிப்பொறியை இயக்கும் மென்பொருளின் கரு. 1991ஆம் ஆண்டில் ஃபின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதனை வெளியிட்டார். அடுப்பு மட்டும் இருந்தால் சோறு ஆகிவிடாது. அரிசி வேண்டும், பானை வேண்டும், நீர் வேண்டும். அதுபோலவே கருவோடு எழுத்துக் கருவிகள், கணக்குக் கருவிகள், அச்சுக் கருவிகள், வலை உலாவி எனப் பல்லாயிரம் மென்பொருள்களைச் சேர்த்து, ஒன்றோடொன்று பொருந்துமாறு அமைத்துக் கொடுத்தால்தான் சாதாரண மனிதருக்கு அது பயன்படும். அவ்வாறு அமைத்துக் கொடுப்பதையே லினக்ஸ் வழங்கல் என்கிறோம்.

அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழக மாணவராக இருந்த இயான் முர்டாக் என்பவர், 1993 ஆகஸ்டு 16 அன்று டெபியன் வழங்கலை அறிவித்தார். அவருடைய அன்புக்குரிய டெப்ரா என்பவரின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து இப்பெயரை அமைத்தார். ஒரு நிறுவனத்தின் சரக்காக இல்லாமல், பலர் கூடித் திறந்த முறையில் உருவாக்கும் வழங்கலாக இது இருத்தல் வேண்டும் என்பது அவர் நோக்கம். 1996 ஜூன் மாதத்தில் 1.1 என்னும் வெளியீடு வந்தபோது அதில் 474 பொதிகளே இருந்தன. 2025 ஆகஸ்டு 9 அன்று வெளிவந்த 13ஆம் வெளியீட்டில் ஏறத்தாழ 70,000 பொதிகள் உள்ளன. இவற்றைப் பேணுவோர் ஏறத்தாழ ஆயிரம் முறையான உறுப்பினர்களும், அவர்களுக்குத் துணை நிற்கும் பல்லாயிரம் தொண்டர்களும் ஆவர்.

வெளியீடுகளில் 1.0 என்ற எண் ஏன் இல்லை என்று நீங்கள் வினவலாம். 1995ஆம் ஆண்டின் இறுதியில், குறுந்தகடு விற்கும் நிறுவனம் ஒன்று, இன்னும் உருவாகிக்கொண்டிருந்த அரைகுறைப் பதிப்பை எடுத்து, 1.0 என்று பெயரிட்டு விற்பனைக்கு அனுப்பிவிட்டது. அது சரியாக இயங்கவும் இல்லை. அதே எண்ணில் மெய்யான வெளியீட்டைக் கொணர்ந்தால் மக்கள் குழம்புவர் என்று கருதி, டெபியன் அவ்வெண்ணையே கைவிட்டு 1.1 என்று வெளியிட்டது. வேகாத சோற்றை வேறொருவர் பந்தியில் பரிமாறிவிட்டால் பழி சமைத்தவர் மேல்தான் விழும். எது முடிந்தது, எது முடியாதது என்பதை அறிவிக்கும் அதிகாரம் படைத்தவர்களிடமே இருத்தல் வேண்டும், அதற்கு ஒரு தெளிவான முறையும் வேண்டும் என்பதை அந்த இளம் அமைப்பு அன்றே கற்றுக்கொண்டது.

பொதியும் களஞ்சியமும்

பொதி என்பது யாது? ஒரு மென்பொருளை, அதனை நிறுவுவதற்குரிய குறிப்புகளோடு கட்டி வைத்த மூட்டை எனலாம். மூட்டையின் மேல் ஒரு சீட்டு உண்டு. மென்பொருளின் பெயர், பதிப்பு எண், பராமரிப்பவர் பெயர், அது இயங்குவதற்கு வேறு எந்தெந்தப் பொதிகள் வேண்டும் என்ற சார்புப் பட்டியல் ஆகியவை அச்சீட்டில் எழுதப்பட்டிருக்கும். இந்தச் சார்புகளே இக்கலையின் உயிர்நிலை. ஒரு சிறு பொதியை நிறுவ வேண்டுமானால் அதற்கு அடியில் பத்துப் பொதிகள் வேண்டும். அப்பத்தின் அடியில் இன்னும் இருபது வேண்டும். அடியில் உள்ள ஒன்றை அசைத்தால் மேலே உள்ள பலவும் அசையும்.

இப்பொதிகள் யாவும் இருக்கும் இடம் களஞ்சியம். பயனர் தம் கணிப்பொறியில் ஒரு கட்டளை இட்டால், ஏப்டி என்னும் கருவி களஞ்சியத்தின் பட்டியலைப் படித்து, வேண்டியவற்றையும் அவற்றின் சார்புகளையும் கணக்கிட்டுக் கொணர்ந்து சேர்க்கும். உலகின் பல நாடுகளிலும் பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் இக்களஞ்சியத்தின் நகலைத் தம் செலவில் வைத்துள்ளன. அருகில் உள்ள நகலிலிருந்து எவரும் விலையின்றிப் பெறலாம்.

களஞ்சியத்திற்குள் ஒரு புதிய பொதி நுழைவது எளிதன்று. முதன்முறை வரும் எப்பொதியும் வாயிலில் நிறுத்தி வைக்கப்படும். களஞ்சியக் காப்பாளர் குழுவினர் அதன் ஒவ்வொரு கோப்பின் உரிமத்தையும் ஆராய்வர். இதனைப் பிறருக்குக் கொடுக்கலாமா, மூலநிரலைத் திருத்தலாமா, திருத்தியதை வழங்கலாமா என்ற வினாக்களுக்கு ஆம் என்ற விடை வந்தால்தான் தலைமைப் பிரிவில் இடம். விடை இல்லை என்றால், வழங்க அனுமதியேனும் உள்ளவை தனிப் பிரிவில் வைக்கப்படும். வழங்கவே அனுமதி இல்லாதவை திருப்பி அனுப்பப்படும். 1997ஆம் ஆண்டில் டெபியன் ஏற்றுக்கொண்ட சமூக ஒப்பந்தமே இதற்கு அடிப்படை. பொதுமக்களின் களஞ்சியத்தில், பின்னாளில் ஒருவர் வந்து "இது என் சொத்து" என்று வழக்குத் தொடுக்கக்கூடிய பொருள் ஒன்றும் இருத்தலாகாது என்பதே இந்தக் கடுமையின் காரணம்.

மூன்று அறைகள்

களஞ்சியத்திற்குள் மூன்று அறைகள் உள்ளன எனக் கொள்வோம். முதல் அறைக்கு நிலையற்றது என்று பெயர். பராமரிப்பாளர் அனுப்பும் புதிய பதிப்பு முதலில் இங்கு வந்து சேரும். இரண்டாம் அறைக்குச் சோதனை என்று பெயர். மூன்றாம் அறைக்கு நிலையானது என்று பெயர். மருத்துவமனைகளும் பள்ளிகளும் அலுவலகங்களும் நம்பிப் பயன்படுத்துவதற்குரியது இம்மூன்றாவதே.

முதல் அறையிலிருந்து இரண்டாம் அறைக்குச் செல்ல எவருடைய பரிந்துரைக் கடிதமும் வேண்டுவதில்லை. பொதுவாக 2, 5 அல்லது 10 நாள்கள் என அவசரத்திற்கு ஏற்ப ஒரு காத்திருப்புக் காலம் உண்டு. அக்காலத்தில் அதனைப் பயன்படுத்துவோர் கடும் வழு எதனையும் கண்டு முறையிட்டிருக்கக் கூடாது. கண்டிருந்தால் அது முன்னமே உள்ள பதிப்பைவிட மோசமானதாக இருக்கக் கூடாது. ஆதரிக்கும் இயந்திர வகைகளில் எல்லாம் அது தடையின்றிக் கட்டப்பட்டிருக்க வேண்டும். அதன் வருகையால் இரண்டாம் அறையில் உள்ள வேறு பொதிகளின் சார்புகள் முறியக் கூடாது. இந்நிபந்தனைகளை ஒரு நிரல் நாள்தோறும் கணக்கிட்டு, தகுதி பெற்றவற்றைத் தானாகவே உள்ளே விடும். தவறிய பொதி ஏன் தவறியது என்ற காரணத்தை யாவரும் படிக்குமாறு எழுதியும் வைக்கும். 2000ஆம் ஆண்டின் இறுதியில் இச்சோதனை அறை அமைக்கப்பட்டது. அதற்குமுன் நிலையற்ற அறையையே மொத்தமாக நிறுத்திவைத்துத் திருத்தி வெளியிட வேண்டியிருந்தது.

இம்மூன்று அறைகளின் வேறுபாட்டை நாம் ஒருமுறை பட்டறிந்தே கற்றோம். நம் மாலை வகுப்பில், நன்கொடையாகக் கிடைத்த பழைய கணிப்பொறிகளில் டெபியனின் நிலையான வெளியீட்டை நிறுவியிருந்தோம். ஆர்வம் மிக்க மாணவர் ஒருவர், ஒரு மென்பொருளின் மிகப் புதிய பதிப்பு வேண்டும் என்று விரும்பி, நிலையற்ற அறையின் முகவரியையும் பட்டியலில் சேர்த்துவிட்டார். அவர் கேட்டது ஒரு பொதி. அந்த ஒன்றின் சார்புகளோ அடிப்படைப் பொதிகள் பலவற்றை இழுத்துக்கொண்டு வந்தன. பாதி பழையதும் பாதி புதியதுமாக நின்ற இயந்திரம் மறுநாள் காலை எழவே இல்லை. தேர்வுக்கு இரண்டு நாள்களே இருந்தன. ஓரிரவு முழுவதும் விழித்திருந்து மீண்டும் நிறுவினோம். அம்மாணவரைக் கடிந்துகொள்ள எமக்கு மனம் வரவில்லை. முகவரியை எழுதும் இடத்தைக் காட்டிய நாம், இவ்வறைகள் ஏன் பிரித்து வைக்கப்பட்டுள்ளன என்பதைச் சொல்லித் தரவில்லை. கருவியைக் கற்பித்துக் காரணத்தைக் கற்பிக்காத குறை நம்முடையதே.

உறைநிலை

சோதனை அறை எப்போது நிலையான அறையாகும்? இதற்கு உறைநிலை என்றொரு காலம் உண்டு. 13ஆம் வெளியீட்டின் நிகழ்ச்சிகளையே சான்றாகக் கொள்வோம். 2025 மார்ச்சு 15 முதல், பல பொதிகளை ஒருங்கே பாதிக்கும் பெரு மாற்றங்கள் நிறுத்தப்பட்டன. ஏப்ரல் 15 முதல் புதிய பொதிகள் சோதனை அறைக்குள் வரவில்லை. சிறு திருத்தங்களே வந்தன. மே 15 முதல் கட்டுப்பாடு மேலும் இறுகியது. ஜூலை 27 முதல் எந்த மாற்றமாயினும் வெளியீட்டுக் குழுவினர் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து இசைந்தாலன்றி உள்ளே வர இயலவில்லை. ஆகஸ்டு 9 அன்று வெளியீடு நிகழ்ந்தது. ஐந்து மாதங்கள் புதுமைக்குக் கதவடைத்து, குறைகளைக் களைவதற்கே செலவிட்டனர்.

இவ்வொழுங்கு ஒரு நாளில் வந்ததன்று. 2002 ஜூலையில் ஒரு வெளியீடு வந்தபின், அடுத்தது 2005 ஜூனில்தான் வந்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். புதிதாக எழுதப்பட்ட நிறுவி முடியவில்லை. 11 வகை இயந்திரங்களுக்கும் பாதுகாப்புத் திருத்தங்களைக் கட்டித்தரும் ஏற்பாடு அமையவில்லை. ஒன்று முடிவதற்குள் மற்றொன்று பழையதாயிற்று. பயனர்கள் பொறுமை இழந்தனர்; டெபியன் இனி எழாது என்று பேசியவர்களும் உண்டு. அதன் பின்னர்தான், உறைநிலையின் நாளை முன்கூட்டியே அறிவித்துவிடுவது என்ற வழக்கம் படிப்படியாக வேரூன்றியது. வெளியிடும் நாளைக் குறிப்பதில்லை. அது குறைகள் தீர்ந்தபின்தான். ஆனால் வாயிலை மூடும் நாளைக் குறித்துவிடுவர். அந்நாளுக்குள் ஆயத்தமாகாத பொதி அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். கடும் வழுவைத் தீர்க்காமல் கிடக்கும் பொதி, அது எவ்வளவு புகழ் வாய்ந்தவருடையதாயினும், எச்சரிக்கைக்குப்பின் சோதனை அறையிலிருந்து நீக்கப்படும். 2005 முதல் 2025 வரை ஒவ்வோர் ஒற்றைப்படை ஆண்டிலும் தவறாது ஒரு வெளியீடு வந்துள்ளது என்பது இம்முறையின் வெற்றி.

வெளியான பின்னரும் கடமை முடிவதில்லை. நிலையான அறையில் பொதுவாகப் புதுப் பதிப்புகள் நுழையா. பாதுகாப்புக் குறை தெரியவந்தால், புதிய பதிப்பில் உள்ள திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் பொருத்தித் தருவர். சில மாதங்களுக்கு ஒருமுறை இத்திருத்தங்களைத் தொகுத்துச் சிறு வெளியீடாக அளிப்பர். பழைய இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஐந்து ஆண்டு அச்சமின்றிக் காலந்தள்ளலாம் என்பது ஏழை எளிய பள்ளிகளுக்கு எத்துணைப் பேருதவி என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒப்பமும் நம்பிக்கையும்

இனி, மிக முதன்மையான வினாவுக்கு வருவோம். எங்கோ ஒரு நாட்டில், யாரோ ஒருவர் கட்டிய பொதி, யாரோ ஒருவருடைய நகல்தளத்தின் வழியாக நம் இயந்திரத்தின் உள்ளறைக்கே வருகின்றது. இதனை எவ்வாறு நம்புவது?

ஒவ்வோர் உறுப்பினரிடமும் ஒரு மறைத்திறவுகோல் உண்டு. தாம் அனுப்பும் பொதியில் அதனைக்கொண்டு எண்முறை ஒப்பம் இடுவார். ஒப்பம் உறுப்பினருடையதன்று என்றால் களஞ்சியம் ஏற்காது. ஏற்றபின், ஒவ்வொரு பொதிக்கும் கைரேகை போன்ற ஓர் எண்ணைக் கணக்கிட்டுப் பட்டியலில் எழுதுவர். பட்டியலுக்கே ஒரு கைரேகை எடுத்துத் தலைமைச் சீட்டில் எழுதுவர். தலைமைச் சீட்டில் களஞ்சியத்தின் ஒப்பம் இடுவர். நம் இயந்திரம் இச்சங்கிலியை மேலிருந்து கீழாகச் சரிபார்க்கும். இடையில் எவரேனும் ஓர் எழுத்தை மாற்றினாலும் கைரேகை பொருந்தாது. 2007ஆம் ஆண்டின் வெளியீட்டிலிருந்து ஒவ்வொரு பயனரின் இயந்திரத்திலும் இச்சரிபார்ப்பு இயல்பாகவே நடைபெற்று வருகின்றது. இதன் தேவையை அவர்கள் முன்னமே உணர்ந்திருந்தனர். 2003 நவம்பரில் டெபியனின் வழங்கிகள் சிலவற்றுள் அயலார் புகுந்துவிட்டனர். களஞ்சியம் முழுவதையும் சரிபார்த்து, அது கறைபடவில்லை என்று உறுதி செய்த பின்னரே பணிகளைத் தொடர்ந்தனர். நிகழ்ந்ததை மறைக்காமல் உடனே உலகுக்கு அறிவித்ததும் ஈண்டு குறிப்பிடத் தக்கது.

ஆயினும் நண்பர்களே, ஒப்பம் என்பது "இதனை அனுப்பியவர் இன்னார்" என்று மட்டுமே கூறும். அனுப்பிய பொருள் நல்லது என்று அது கூறாது. இவ்வுண்மையை இரண்டு நிகழ்ச்சிகள் சுடச்சுடக் கற்பித்தன.

முதலாவது, 2006 செப்டம்பரில் தொடங்கியது. மறைத்திறவுகோல்களை உருவாக்கும் ஒரு முக்கியப் பொதியில், சோதனைக் கருவி ஒன்று காட்டிய எச்சரிக்கையை நீக்கும் நல்லெண்ணத்தில் பராமரிப்பாளர் இரண்டு வரிகளை எடுத்துவிட்டார். திறவுகோலுக்குத் தற்செயல் தன்மையைத் தந்த வழியே அவ்வரிகளை நீக்கியதால் அடைபட்டது. எண்ணிலடங்கா வகையில் அமைய வேண்டிய திறவுகோல்கள், ஒவ்வோர் இயந்திர வகைக்கும் திறவுகோல் அளவுக்கும் 32,768 என்ற எண்ணிக்கைக்குள் சுருங்கின. ஊர் முழுவதற்கும் ஒரு கொத்துச் சாவியே செய்து விற்ற பூட்டுக்காரன் கதையாயிற்று. 2008 மே 13 அன்று இது அறிவிக்கப்படும் வரை, ஏறத்தாழ இருபது மாதங்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை. மூலநிரல் யாவரும் காணத் திறந்தே கிடந்தது. திறந்திருக்கும் நூலை ஒருவரும் படிக்கவில்லை என்றால் திறந்திருப்பதால் யாது பயன்? குறையைக் கண்டவர் டெபியன் உறுப்பினராகிய லூசியானோ பெல்லோ என்பவரே. தன் குறையைத் தானே அறிவித்து, வலுவற்ற திறவுகோல்களைக் கண்டுபிடிக்கும் கருவியையும் சேர்த்து வழங்கியது அவ்வமைப்பு.

இரண்டாவது, 2024ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்னும் சிறு மென்பொருளை, நெடுங்காலமாக ஒருவரே தம் ஓய்வு நேரத்தில் பராமரித்து வந்தார். அவர் சோர்ந்திருந்தார். ஏன் தாமதம் என்று பலர் அவரை நெருக்கினர். அந்நிலையில் ஜியா டான் என்னும் பெயரில் ஒருவர் வந்து, இரண்டு ஆண்டுக்கு மேல் நயமாக உதவிகள் செய்து, நம்பிக்கை பெற்று, கூட்டுப் பராமரிப்பாளர் ஆனார். பின்னர் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில், தொலைவிலிருந்து இயந்திரத்திற்குள் நுழைவதற்குரிய கள்ளவாயிலை மறைத்து வைத்தார். சோதனைக் கோப்புகள் போன்ற தோற்றத்தில் அது ஒளிந்திருந்தது; எல்லோரும் பார்க்கும் மூலநிரல் ஏட்டில் இல்லாத ஒரு வரித்தொகுதி, வெளியீட்டு மூட்டையில் மட்டும் இருந்தது. தொலைநுழைவு மென்பொருளில் டெபியன் முதலிய வழங்கல்கள் தாமே செய்திருந்த ஓர் இணைப்பும் இக்கள்ளவாயிலுக்கு வழியாயிற்று.

அது டெபியனின் நிலையற்ற அறைக்கும் சோதனை அறைக்கும் வந்துவிட்டது. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்னும் பொறியாளர், நிலையற்ற அறையைப் பயன்படுத்தும் தம் இயந்திரத்தில், தொலைநுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைக் கண்டார். அரை நொடிதானே என்று விட்டுவிடாமல் வேர் வரை தோண்டினார். 2024 மார்ச்சு 29 அன்று உலகுக்கு அறிவித்தார். பழைய பதிப்புக்கு உடனே திரும்பினர். நிலையான அறைக்கு அப்பொதி சென்றிருக்கவில்லை. கோடிக்கணக்கான வழங்கிகள் தப்பின.

இங்கு காத்தவை எவை? காத்திருப்பு என்னும் மதில் காத்தது. ஒரு மனிதரின் கூர்ந்த நோக்கு காத்தது. திறந்த மூலநிரல், அவர் தோண்டுவதற்கு வழி தந்தது. ஒப்பங்கள் யாவும் சரியாகவே இருந்தன, அவை காக்கவில்லை. இன்னொன்றையும் நாம் மறத்தலாகாது. ஊரே உண்ணும் களஞ்சியத்தின் ஒரு கதவை ஒரே மனிதர் தனியாகக் காத்துக்கொண்டிருந்தார். அவருக்குத் துணை அனுப்பாமல் விரைந்து செய் என்று ஏவிய கூட்டத்தின் நடுவேதான் கள்வன் துணைவனாய் வந்தான். பொதுப்பணியில் ஒருவரைத் தனியே விடுவது அவருக்கு இழைக்கும் கொடுமை மட்டுமன்று, பொதுச்சொத்துக்கே கேடு.

யார் நுழையலாம்?

டெபியனில் உறுப்பினராவதற்கு எப்பட்டமும் கேட்பதில்லை. ஊர், குலம், செல்வம் எதனையும் கேட்பதில்லை. முதலில் ஒரு பொதியையோ மொழிபெயர்ப்பையோ ஆவணத்தையோ எடுத்துப் பணி செய்ய வேண்டும். முன்னமே உறுப்பினராக உள்ளவர் அப்பணியைப் பார்த்துத் திருத்தித் தம் ஒப்பத்தோடு அனுப்புவார். உறுப்பினர்களை நேரில் சந்தித்து அடையாளம் காட்டி, தம் திறவுகோலுக்கு அவர்கள் சான்று பெற வேண்டும். கொள்கைகளையும் தொழில்முறையையும் பற்றிய வினாக்களுக்கு விடை தர வேண்டும். நிரல் எழுதாது மொழிபெயர்ப்பும் ஆவணமும் செய்வோரும் முழு வாக்குரிமையுடைய உறுப்பினராகலாம் என 2010ஆம் ஆண்டில் வாக்களித்து முடிவு செய்தனர்.

1998 முதல் அவர்களுக்கு எழுத்து வடிவிலான அமைப்பு விதிகள் உள்ளன. தலைவர் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படுகிறார். பெரும் கருத்து வேறுபாடு எழுந்தால் பொதுத் தீர்மானத்திற்கு விட்டு வாக்கெடுப்பர். பல வன்பொருள்கள் இயங்குவதற்கு மூலநிரல் தரப்படாத சிறு நிரல்கள் வேண்டியிருந்தன. கொள்கைப்படி அவற்றை அதிகாரமுறை நிறுவியில் சேர்க்கவில்லை. அதனால் புதியவர்கள் தம் இயந்திரத்தில் வலை இணைப்பே பெற முடியாமல் திரும்பிச் சென்றனர். நெடுநாள் வாதத்திற்குப் பின் 2022ஆம் ஆண்டில் வாக்கெடுத்து, அவற்றை நிறுவியில் சேர்ப்பது என்றும், அவை தனிப் பிரிவில் இருக்கும் என்றும் முடிவு செய்தனர். தோற்றவர்கள் களஞ்சியத்தைக் கலைக்கவில்லை. அடுத்த ஆண்டே வெளியீடு வந்தது.

ஆனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். விதி எழுதிய வாயில் யாவருக்கும் திறந்திருப்பினும், விதியில் எழுதாத வாயில்கள் சில உண்டு. ஆங்கிலம் ஒரு வாயில். வீட்டில் ஒரு கணிப்பொறி ஒரு வாயில். வயிற்றுப்பாட்டுக்குப் பின் எஞ்சும் ஓய்வு நேரம் எல்லாவற்றினும் பெரிய வாயில். பகலெல்லாம் உழைத்து இரவில் விளக்கடியில் படிக்கும் பிள்ளைக்கு, ஊதியமில்லாத் தொண்டு எளிதாக வாய்ப்பதில்லை. இவ்வாயில்களைத் திறப்பது டெபியனின் விதிகளால் மட்டும் ஆகாது. மாலை வகுப்பும் நூலகமும் கணிப்பொறி அறையும் நடத்தும் இத்தகைய கழகங்களே அவற்றைத் திறக்க வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

இது கடல் கடந்த செய்தி என்று எண்ண வேண்டா. நம் நாட்டுச் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடித்தளமாகக் கொண்டதே. டெபியனின் ஆண்டு மாநாடு 2023 செப்டம்பரில் நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தின் கொச்சி நகரில் நடைபெற்றது. டெபியன் நிறுவி தமிழிலும் பேசுகின்றது. யாரோ சிலர் அமர்ந்து ஒவ்வொரு தொடராக மொழிபெயர்த்ததன் பயன் அது. ஒவ்வொரு வெளியீட்டிலும் புதிய தொடர்கள் சேர்கின்றன; அவற்றைத் தமிழாக்க ஆள் வேண்டும்.

ஆகவே இளைஞர்களே, உங்கள் முன் சில பணிகளை வைக்கின்றோம். பயன்படுத்தும் மென்பொருளில் பிழை கண்டால், எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது, என்ன நிகழ்ந்தது என்று தெளிவாக எழுதி அனுப்பப் பழகுங்கள். நல்ல முறையீடு பாதித் தீர்வாகும். பிறகு ஒரு மொழிபெயர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பராமரிப்பாளர் விலகிச் சென்றதால் ஆளின்றிக் கிடக்கும் பொதிகளின் பட்டியலை டெபியன் எப்போதும் வெளியிட்டு வருகின்றது. அவற்றில் சிறியது ஒன்றைத் தேர்ந்து, இருவர் மூவராகச் சேர்ந்து, அதனைக் கட்டிப் பாருங்கள். தனியாக எடுக்காதீர்கள், ஏன் என்பதை முன்னரே கூறினோம்.

கழகத்தின் பெரியோர்களுக்கும் பணிவோடு ஒரு விண்ணப்பம். இருபத்தைந்து ஆண்டுகளாகக் கணக்கேட்டையும் நூலகத்தையும் உதவித்தொகைப் பதிவையும் ஓரிருவரே தோளில் சுமந்து வந்துள்ளார்கள். அவர்தம் தொண்டுக்குத் தலை வணங்குகின்றோம். அவர்கள் சோர்வதற்கு முன் அவர்களருகே இருவரை அமர்த்துங்கள். இரண்டாமவர் கண்ணில் படாத கணக்கு வேண்டா. எழுதப்படாத விதி வேண்டா. குறித்த நாளுக்குப்பின் வரும் பரிந்துரை வேண்டா. குறை நேர்ந்தால் மறைத்தல் வேண்டா. ஒரு களஞ்சியம் முப்பது ஆண்டு நின்றது இவற்றாலேதான்.

களஞ்சியத்தில் உண்பது அனைவர்க்கும் உரிமை. அதனைக் காப்பதிலும் நமக்குப் பங்கு உண்டு என்று முன்வரும் நாளில்தான் அவ்வுரிமை முழுமை பெறும். பொன்விழா மலரில் இம்மேடையிலிருந்து உரையாற்றுபவர், இன்று இங்கு அமர்ந்திருக்கும் உங்களுள் ஒருவராக, தம் ஒப்பமிட்ட பொதி ஒன்றைக் களஞ்சியத்தில் உடையவராக இருத்தல் வேண்டும் என விழைகின்றோம்.